உள்ளே வராது

மார்லா டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்லைடின் இரும்புத் தண்டவாளத்தில் ஆட்காட்டி விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். விரல் நுனியில் கறுப்பாக, களி போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள். மெஷின் எண்ணெய் வாசனை இல்லை. காலைச் சாப்பாட்டு வாசனை.

"அம்மா."

மேலே, தரைப்பலகைக்கு அந்தப்புறம், மூச்சு மெஷின் புஸ்ஸென்று விட்டு, நின்று, மறுபடி புஸ்ஸென்றது.

"அம்மா, கேக்குதா இல்லையா?"

"கேக்குது. ஊருக்கே கேக்குது."

"தண்டவாளத்துல பேக்கன் கொழுப்பத் தடவினியா?"

ஜன்னல் வலை வழியாக அம்மா லோரீனின் குரல் இறங்கி வந்தது. "கொஞ்சூண்டு. கிறீச்சு கிறீச்சுனு கத்திட்டே இருந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"பாவமா. இரும்பப் பாத்தா பாவமா இருந்துச்சா உனக்கு."

மார்லா பல்லைக் கடித்துக்கொண்டு பழைய துணியை எடுத்தாள். துடைத்தால் போகவில்லை. துடைக்கத் துடைக்க இழுபட்டது. பாதாம் மரங்களை மெஷின் வைத்து உலுக்கும் மாதம் அது. உலுக்கிய பிறகு தரையில் விழுந்ததைக் கூட்டி அள்ளுவார்கள். அப்போது எழும்பும் மண் ஒரு வாரத்துக்கு வானத்தைவிட்டு இறங்காது. மூக்கில், பல்லிடுக்கில், தலையணையில், காபியில் எல்லாம் மண். அந்த மண்ணுக்கு நடுவில் தண்டவாளத்தில் பன்றிக் கொழுப்பைத் தடவி வைத்தால் அது கொழுப்பாகவா இருக்கும்? சிமெண்டாகிவிடும்.

மார்லாவின் ஸ்டைல்ஸ் குடும்பத்தில் அடுப்பு ஓரம் ஒரு காபி டப்பா இல்லாத வீடு கிடையாது. பேக்கன் பொரித்த கொழுப்பை அதில் ஊற்றி வைப்பார்கள். முட்டைக்கு அது, சோள ரொட்டிக்கு அது, பீன்ஸுக்கு அது. கதவுக் கீல் கத்தினாலும் அது, பூட்ஸ் தோல் வெடித்தாலும் அது. அந்தக் காலத்தில் ஒக்லஹோமாவிலிருந்து பஞ்சம் பிழைக்க கலிபோர்னியா வந்தவர்கள் வேறு எதைக் கொண்டுவந்தார்களோ இல்லையோ, அந்த டப்பாவைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி போய்ப் பட்டம் வாங்கிய மார்லா அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தன் குடும்பம் முழுவதும் அதற்குள் உறைந்து கிடப்பதுபோல எரிச்சல்படுவாள். ஆனால் முட்டை அதில்தான் பொரிப்பாள்.

அவர்கள் குடியிருந்தது பிக்கப் லாரியில் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற நீளப்பெட்டி ஒன்றில். நின்ற இடத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் அதன் பக்கச்சுவர் மேஜை இழுப்பறை போல வெளியே நீளும். உள்ளே ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கிற இடம் பிறக்கும். அதுதான் ஸ்லைடு. லோரீனின் படுக்கை, மூச்சு மெஷின், சுவரில் மார்லாவின் பட்டம் எல்லாம் அந்தப் பிறந்த இடத்தில்தான் இருந்தன. ஸ்லைடை உள்ளே இழுத்தால் படுக்கை மடங்கி எதிரே இருக்கும் அடுப்பில் போய் முட்டும். அப்புறம் லோரீன் படுக்க முடியாது. ஒரு நாற்காலியில் மடங்கி உட்கார்ந்துதான் மூச்சுவிட வேண்டும். தோட்டங்களில் வேலை செய்து அந்த மண்ணையே தின்ற நுரையீரல் அவளுடையது. மெஷின் இல்லாமல் அவளால் குளியலறைவரைகூடப் போக முடியாது.

நாளை மறுநாள் குலுக்கல்.

வாடகை வாங்கிக்கொண்டு டிரெய்லர்களை நிறுத்த இடம் தரும் அந்த பார்க்கை நடத்துகிற கம்பெனி அதற்கு வைத்த பெயர் துப்புரவு நாள். காலையில் எல்லோரும் டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். இரண்டு ராத்திரி கழித்துத் திரும்பி வரலாம். வந்தால் பழைய இடம் கிடைக்காது. வேறு எண் கொடுப்பார்கள், சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுகிற மாதிரி. அதனால் பார்க்கில் இருப்பவர்கள் வைத்த பெயர் குலுக்கல். அந்த இரண்டு நாளில் அங்கே யாரும் எதையும் துப்புரவு செய்து பார்த்ததில்லை. போகும்போது கிடந்த பீர் பாட்டில் வரும்போதும் அதே செடியடியில் கிடக்கும்.

ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மாதம் ஒரே பார்க்கில் விடாமல் இருந்துவிட்டால் அந்த மாநிலச் சட்டம் அவர்களைக் குடியிருப்பவர்கள் என்று சொல்லிவிடும். அதன்பிறகு காரணம் சொல்லாமல் கிளப்ப முடியாது. எனவே ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் ஒரு குலுக்கல். திரும்பி வந்ததும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. லோரீனும் மார்லாவும் அங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் நேற்று வந்த விருந்தாளிகள்.

போன குலுக்கலுக்குக் கால்வாய்க் கரையில் போய் நின்றார்கள். வேறு பார்க்குகள் பத்து வருஷத்துக்கு மேல் பழைய டிரெய்லரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இவர்களுடையது மார்லாவுக்கு முதல் பல் விழுந்த காலத்தது. வாடகை வீடு மார்லாவின் சம்பளத்துக்கு எட்டாது. பாதாம் ஆலையின் சோதனைக் கூடத்தில் பருப்பைப் பிளந்து பூச்சி பார்க்கிற வேலைக்கு அவ்வளவுதான் தருவார்கள். கால்வாய்க் கரையில் முதல் ராத்திரியே ஜெனரேட்டர் இருமி நின்றது. லோரீனின் உதடு நீலமானது. ஆம்புலன்ஸ் வந்தது. திரும்பி வந்தபோது பார்க்கில் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்து இடத்தைக் கொடுத்திருந்தார்கள்.

"மிஸ் லோரீன் நல்லா இருக்காங்களா?"

டிரெய்லருக்கு அடியிலிருந்து மார்லாவுக்கு முதலில் தெரிந்தது கோல்ஃப் வண்டியின் சக்கரம், அப்புறம் ஒரு ஜோடி சுத்தமான பூட்ஸ். பார்க் மேனேஜர் டாரல். அந்த மண்ணில் பூட்ஸைச் சுத்தமாக வைத்திருக்க அவன் ஒருவனால்தான் முடியும்.

"மூச்சு விடறாங்க," என்றாள் மார்லா.

"நீ அடியில கெடக்கறதப் பாத்தாலே எனக்கு நிம்மதியா இருக்கு. உன்னாலதான் இப்பல்லாம் குலுக்கல் கல்யாண ஊர்வலம் மாதிரி வரிசையாப் போகுது. முன்ன எல்லாம் எத்தன ரகளை. ஒருத்தனோடது பாதில நிக்கும், ஒருத்தனோடது கோணிக்கும். இப்பப் பாரு, பட்டனத் தட்டினா உள்ள, கொக்கி மாட்டினா வெளிய."

"துப்புரவு நாள்னுல்ல சொல்லணும் நீங்க."

அவன் சிரித்தான். "பழகிடுச்சு. சரி, உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்." ஓர் அட்டைப்பெட்டியை மண்ணில் இறக்கி அவள் தலைக்குப் பக்கமாகக் காலால் தள்ளினான். "தண்டவாளத்துக்கு அடிக்கற ஸ்ப்ரே. நல்ல சரக்கு. காஞ்சா பிசுபிசுக்காது. கம்பெனியே வாங்கிக் குடுத்திருக்கு, எல்லாருக்கும் நீயே அடிச்சு விடுவேல்ல."

"கம்பெனி வாங்கிக் குடுத்துச்சா."

"ஆமா. நாங்களும் மனுஷங்கதானே."

கோல்ஃப் வண்டி போன பிறகும் மார்லா அசையாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். துணி துவைக்கிற மெஷின் நின்று ஒரு வருஷம் ஆகிறது. கம்பெனி பார்க்கவில்லை. குடிதண்ணீர் துரு நிறத்தில் வருகிறது. பார்க்கவில்லை. கழிவுத் தொட்டி மூடி உடைந்து, அதன்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி பெட்டி நிறைய ஸ்ப்ரே வாங்கிக் கொடுக்கிறதாம்.

அவள் ஸ்லைடு வேலை கற்றுக்கொண்டது கோபத்தில்தான். ரெண்டு வரிசை தள்ளி இருக்கும் சொக்கோரோவின் ஸ்லைடு ஒரு குலுக்கல் அன்று உள்ளே வராமல் நின்றுவிட்டது. "ஒட்டிக்கிச்சா, கவலப்படாதீங்க, உதவி பண்றோம்," என்று டாரல் டிராக்டரைக் கொண்டுவந்தான். ஒரு பலகையைக் குறுக்கே வைத்து டிராக்டர் முகத்தால் தள்ளினார்கள். உள்ளே போனது. போகும்போது சுவர் விரிந்து, கூரை விளிம்பு கிழிந்து, ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு போனது. அதற்கப்புறம் அது வெளியே வரவே இல்லை. சொக்கோரோவும் அவள் தங்கையும் இன்றுவரை பக்கவாட்டில் நடந்துதான் அந்த டிரெய்லருக்குள் வாழ்கிறார்கள். உதவிதானே செய்தோம் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

அன்றைக்கு மார்லா முடிவு செய்தாள், இனி ஒருத்தர் ஸ்லைடும் இங்கே நிற்கக்கூடாது என்று. ஆலை விட்டு வந்ததும் வீடு வீடாகப் போவாள். தண்டவாளத்தை முதலில் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணை உதிர்ப்பாள். பற்சக்கரத்தின் பல்லிடுக்கில் சிக்கின பாதாம் தோலைக் குச்சியால் நோண்டி எடுப்பாள். காய்கிற ஸ்ப்ரேயை மெல்லிசாக அடித்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவாள். சுற்றி இருக்கிற ரப்பர் பட்டை வெயிலில் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் குழந்தைப் பவுடர் பூசுவாள். டிரெய்லர் சாய்ந்திருந்தால் கட்டை வைத்து நேராக்குவாள். "முழுசா உள்ள போய் முட்டற வரைக்கும் பட்டன விடாதீங்க. பாதில விட்டா ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும்," என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பார்க்கில் இருக்கும் ஹோய்ட் மட்டும் ஒருதடவை அவன் நாயை வைத்துக்கொள்ளச் சொன்னான். அது கடிக்கும் நாய்.

இது எல்லாம் தன் ஜனங்களுக்காகச் செய்கிற வேலை என்று நினைத்திருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்க்கிறவரை நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், இத்தனை நாளும் தன் வீட்டாரைத் தெருவில் தள்ளுவதற்குத் தானே சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறாள். கம்பெனிக்குச் சம்பளமில்லாத ஆள். டாரலுக்கு நிம்மதியாக இருக்கிறதாம்.

வெளியே உருண்டு வந்து எழுந்தாள். கையில் இருந்த கறுப்புத் துணியோடு உள்ளே போனாள். லோரீன் ஸ்லைடில் தன் படுக்கையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு, டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத மோந்து பாரு," என்று துணியை நீட்டினாள் மார்லா.

"வேணாம்."

"மோந்து பாரும்மா. நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்? பிசுபிசுக்கற எதையும் அதுல போடக்கூடாது, மண்ணு ஒட்டும்னு. ஊருக்கெல்லாம் சொல்றேன். ஹோய்டுக்குப் புரியுது, அவர் நாய்க்குக்கூடப் புரியுது. எங்கம்மாவுக்கு மட்டும் புரியல. டப்பாவத் தூக்கிட்டுப் போய்த் தடவி வச்சிருக்க. தாத்தா செஞ்சாரு, அதனால நீயும் செய்யற. இந்தக் குடும்பத்துல ஒருத்தர்கூட யோசிக்கவே மாட்டீங்களா?"

"கத்தாத. எனக்கு எதிர்க்கத்த மூச்சு இல்ல."

"ஸ்லைடு பாதில நின்னா டிராக்டர் வரும், தெரியுமா? சொக்கோரோவுக்கு வந்தது."

"தெரியும்."

"அப்பறம் ஏன் தடவின?"

லோரீன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒட்டிக்கட்டும்னுதான்."

மார்லா நீட்டிய துணியைக் கீழே இறக்கினாள்.

"என்ன சொன்ன?"

"ஒட்டிக்கட்டும்னுதான் தடவினேன். நீதான் சொல்லுவியே, மண்ணோட சேந்தா சிமெண்ட் ஆயிடும்னு. நல்லாக் கேட்டு வச்சிக்கிட்டேன். முதல்ல தடவினத ஒரு பூனை நக்கிட்டுப் போயிடுச்சு. அதனால மறுபடி தடவினேன்." அவள் மூச்சு வாங்கி நிறுத்தினாள். "நீ வேலைக்குப் போனப்புறம், குழாய இழுத்துக்கிட்டுப் படி இறங்கிப் போய். அந்த நீளத்துக்குத்தான் குழாய் வரும். அதனால இந்தப் பக்கம் மட்டும்தான் தடவ முடிஞ்சுது."

மார்லா கதவோரம் நின்றாள். படி இறங்குவதற்கே தன் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கொழுப்பை வாரி, குனிந்து, இரும்பில் தேய்த்து, மறுபடி ஏறி. இவ்வளவும் எதற்கு? படுக்கவிடுங்கள் என்று கேட்பதற்கு. அதையும் வாயால் கேட்காமல், ஒட்டிக்கொண்டது, நான் என்ன செய்வேன் என்று பொய்யாகச் சொல்வதற்கு.

"ஒவ்வொரு குலுக்கலுக்கும் வம்பு வேணாம்னு சொல்லிட்டே இருந்தியே," என்றாள். குரல் இன்னும் கோபமாகத்தான் வந்தது; ஆனால் யார்மேல் என்பது மாறியிருந்தது.

"இது வம்பு இல்லையே. ரிப்பேர்."

"டிராக்டர் வந்தா?"

"வந்தா நான் இதுலயே உக்காந்திருப்பேன். என்னையும் சேத்துத் தள்ளட்டும்."

"உன்ன எறங்கச் சொல்லிட்டுத் தள்ளுவாங்க. உதவின்னுதானே பேரு. ரிப்பேர் ஆனதுக்கு உதவி பண்றத யாரு தப்புன்னு சொல்லுவாங்க?" மார்லா துணியை மூலையில் எறிந்தாள். அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் டாரலுக்கு வேலை சுலபம். நகராத பொருளை நகர்த்தலாம். நகரமாட்டேன் என்கிற ஆளை நகர்த்தத்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எழுத்தில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். டாரல் எந்தக் குலுக்கலுக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. வண்டியில் சுற்றிவந்து வாயால் சொல்லிவிட்டுப் போவான். எல்லோரும் போய்விடுவார்கள். இதுவரை யாரும் போகமாட்டேன் என்று சொன்னதில்லை. ஒன்று போனார்கள், அல்லது ஒட்டிக்கொண்டது என்றார்கள்.

"நான் இத சுத்தமாத் துடைக்கப் போறேன்," என்றாள்.

லோரீனின் முகம் வாடியது. "அப்ப போறோமா?"

"இல்ல. போகல."

அன்று சாயங்காலமும் மறுநாளும் அவள் அந்தத் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டினாள். வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டுக் கொழுப்பைக் கழுவினாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லிடுக்காகத் தேய்த்தாள். காயவைத்துத் தன் சொந்த டப்பாவிலிருந்து ஸ்ப்ரே அடித்தாள். கம்பெனிப் பெட்டியை உடைக்கவே இல்லை. ரப்பருக்குப் பவுடர் பூசினாள். அவள் வாழ்நாளில் எதையும் அவ்வளவு வெறுப்போடு அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

நடுவில் ஹோய்டிடம் போனாள். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்து முதுகு போன கிழவன். நாயை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு நான் போகல," என்றாள்.

"போகலன்னா?"

"ஸ்லைட உள்ள இழுக்க மாட்டேன். அவ்ளோதான். நீங்களும் இருந்தா நல்லது. அடுத்த வாரம் ஒன்பது மாசம் முடியுது."

ஹோய்ட் நாயின் காதைச் சொறிந்தான். "படிச்ச பொண்ணு நீ. உன்னத் தொரத்தினா எங்கயாவது போய்க்குவ. நான் எங்க போவேன்? என் டிரெய்லரக் கண்டாலே மத்த பார்க்குல கேட்ட மூடிடுவான்."

"எங்கயாவதுன்னா எங்க? இடம் சொல்லுங்க. இப்பவே கெளம்பறேன். பட்டத்தச் சுவத்துல மாட்டியிருக்கேனே, அந்தச் சுவரே என்னோடது இல்ல, குலுக்கலுக்குக் குலுக்கல் உள்ள போயிட்டு வெளிய வருது."

"கோவிச்சுக்காத."

"கோவம்தான் வருது. உங்க ஸ்லைடுக்கு அடியில எத்தன ஞாயித்துக்கிழம படுத்துக் கெடந்திருக்கேன். உங்க நாய் என் கணுக்காலக் கடிச்சப்பக்கூட விட்டுட்டுப் போகல."

"அது விளையாட்டுக்குக் கடிச்சுது."

"ரெண்டு தையல் போட்டாங்க, ஹோய்ட்."

அவள் திரும்பி நடந்தாள். சொக்கோரோவிடம் சொன்னபோது அவள் நீண்டநேரம் கேட்டுவிட்டு, "என்னோடது எப்பவும் உள்ளதானே இருக்கு, மிஹா, மகளே. நான் வெளிய தள்ளறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். "ஆனா நான் கொக்கி மாட்டல. போதுமா?"

"போதும்," என்றாள் மார்லா. எதுவும் போதாது என்று தோன்றியது.

குலுக்கல் காலையில் மண் கொஞ்சம் அடங்கியிருந்தது. எல்லா வரிசையிலும் ஸ்லைடுகள் உள்ளே போகிற சத்தம் கேட்டது. ஒன்றும் கத்தவில்லை, ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் மார்லாவின் கைவேலை. பிக்கப் லாரிகள் பின்னால் வந்து கொக்கி மாட்டின. கேட்டை நோக்கி வரிசை நகர ஆரம்பித்தது. நடுவே, இழுப்பறையை மூட மறந்த மேஜை போல, இவர்களுடைய டிரெய்லர் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

டாரல் வந்தான். இந்தத் தடவை கோல்ஃப் வண்டிக்குப் பின்னால் டிராக்டரும் வந்தது.

"உன்னோடதா?" என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு. "ஊருக்கெல்லாம் பண்ணிட்டு உன்னோடதக் கவனிக்காம விட்டுட்டியா. சரி, ஒட்டிக்கிச்சுன்னா கவலப்படாத, ஒரு நிமிஷ வேல."

"ஒட்டல."

"அப்பறம்?"

"அம்மா, எழுந்து இந்தப் பக்கம் வா," என்றாள் மார்லா. லோரீன் குழாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, படுக்கையை மடக்கிவிட்டு, கதவோரம் வந்து நின்றாள். மார்லா பொத்தானை அமுக்கினாள். ஸ்லைடு மூச்சுக்கூட விடாமல் உள்ளே வழுக்கி வந்தது, ஜன்னலும் சுவரும் பட்டமும் சேர்ந்து. இரண்டு பக்கமும் ஒன்றாக முட்டி நின்றது. டாரலின் முகம் மலர்ந்தது. டிராக்டர்க்காரனுக்குக் கையை ஆட்டி வேண்டாம் என்றான்.

மார்லா பொத்தானின் மறுபக்கத்தை அமுக்கினாள். வந்தது போலவே அது வெளியே போனது. முழுசாகப் போய் நின்றபிறகுதான் விரலை எடுத்தாள்.

"பாத்தீங்களா? நல்லா வேல செய்யுது. ரிப்பேர் இல்ல. அதனால உதவியும் வேணாம். உள்ள வராது."

"ஏன் வராது?"

"நான் இழுக்க மாட்டேன்."

லோரீன் படுக்கையை விரித்து, அதன் நட்டநடுவில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள். "நானும் எறங்க மாட்டேன். ஆள் உக்காந்திருந்தா ஸ்லைட நகத்தக்கூடாது, டாரல். மோட்டாருக்கு நல்லதில்ல. என் பொண்ணு சொல்லியிருக்கா."

"மிஸ் லோரீன், நீங்களுமா." டாரல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான். குரலைத் தாழ்த்தினான். "மார்லா, இங்க பாரு. இது என் முடிவு இல்ல. மேல இருந்து சொல்றாங்க. நீ நின்னா என் வேல போயிடும். நானும் இதே பார்க்குலதான் இருக்கேன்."

"இருக்கீங்க. குலுக்கல் அன்னைக்கு உங்க டிரெய்லர் மட்டும் எங்கயும் போறதில்ல."

"அது வேற."

"என்ன வேற? உங்களுக்கு ரெண்டு நுரையீரலும் நல்லா இருக்கு. போன தடவ எங்கம்மாவுக்கு ஒதடு நீலமாச்சு. ஆம்புலன்ஸ்ல நான் உக்காந்திருந்தப்ப நீங்க போன் பண்ணி, எப்ப வந்து எடத்த எடுத்துக்கறீங்கன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. எங்கள வெளிய அனுப்பணும்னா எழுத்துல குடுங்க. கோர்ட்டுக்குப் போங்க. ஷெரீஃபக் கூட்டிட்டு வாங்க. அந்த டிராக்டர் இந்தச் சுவத்துல ஒரு கீறல் போட்டாலும், நல்லா இருந்த ஸ்லைட நீங்க ஒடச்சீங்கன்னு நான் சொல்லுவேன். நல்லா இருந்துச்சுன்னு நீங்களே இப்ப கண்ணால பாத்தீங்க. டிராக்டர் ஓட்டறவரும் பாத்தாரு."

டிராக்டர்க்காரன் வேறு பக்கம் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.

வரிசை நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் ஹாரன் அடித்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அவர்களைத் திட்டக்கூட மார்லாவுக்கு நேரமில்லை. ஹோய்டின் பழைய பிக்கப்பும் வரிசையில் இருந்தது. அவன் ஜன்னலை இறக்கி, முகத்தைச் சுளித்து, மண்ணில் துப்பினான். அப்புறம் பின்பக்கமாக ஓட்டினான். ஒரு தடவை கோணி, இன்னொரு தடவை கோணி, கடைசியில் தன் பழைய இடத்தில் டிரெய்லரைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான். இறங்கிப்போய் உள்ளே பொத்தானை அமுக்கினான். அவனுடைய ஸ்லைடு அலட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தது. நாய் அதன் ஜன்னலில் மூக்கை வைத்து டாரலைப் பார்த்துக் குரைத்தது.

"உனக்கு என்ன ஹோய்ட்?" என்று கத்தினான் டாரல்.

"எனக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணு நாயப் பத்தித் தப்பாப் பேசிடுச்சு. மன்னிப்புக் கேக்கற வரைக்கும் நகர மாட்டேன்."

சொக்கோரோ கொக்கி மாட்டாத தன் டிரெய்லர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் கடைசி வரிசையில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. எல்லோரும் இல்லை. பாதிப் பேர்கூட இல்லை. ஆனால் உள்ளே போனபோது எவ்வளவு சுலபமாகப் போயினவோ அவ்வளவு சுலபமாக வெளியே வந்தன. நகர்கிற பொருளுக்கு எந்தப் பக்கம் என்றெல்லாம் தெரியாது. தண்டவாளம் சுத்தமாக இருந்தால் போதும்.

டாரல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கோல்ஃப் வண்டியை நோக்கி நடந்தான். மார்லா உள்ளே போய் அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்களோடது. பிரிக்கல. துணி துவைக்கற மெஷின் வாங்கினா சொல்லுங்க, வந்து மாட்டித் தரேன்."

அவன் போனில் பேசிக்கொண்டே தலையை மட்டும் அசைத்தான். யாருக்கு அசைத்தான் என்று தெரியவில்லை. ஷெரீஃப் இன்று வரலாம், நாளை வரலாம். அடுத்த வாரம் ஒன்பது மாதம் முடிகிறவரை ஒவ்வொரு நாளும் வரலாம். தனக்கு வருவது பயமா கோபமா என்று பிரித்துப் பார்க்க மார்லாவுக்குப் பொறுமை இல்லை.

படியேறி உள்ளே வந்தாள். லோரீன் இன்னும் கைகளைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் இருந்தாள்.

"இப்ப எழுந்துக்கலாமா? கால் மரத்துப் போச்சு."

"படுத்துக்கோ. படுக்கறதுக்குத்தானே இவ்ளோவும்."

லோரீன் கால்நீட்டிப் படுத்தாள். மெஷின் புஸ்ஸென்றது. வெளியே ஹோய்டின் நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. மார்லா முகத்தைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, முட்டையை எடுத்தாள்.

"டப்பாவுல இன்னும் பாதி இருக்கு," என்றாள் லோரீன் கண்ணை மூடியபடியே. "அந்தக் கொழுப்ப என்ன பண்றது?"

மார்லா டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாணலியில் போட்டாள்.

"சட்டியில போடு. வேற எங்கயாவது தடவினா கைய ஒடச்சிடுவேன்."